சீதன ஓலையும் கணவனின் கையொப்பமும்: யாழ்ப்பாணத் தேசவழமையில் கணவன் மனைவி சொத்துடன்பாடு

ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமாகிய தேசவழமை, கணவன் மனைவியரின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்துகிறது. இவற்றுள் சீதனம், மணத்தையொட்டி எழுத்தில் செய்யப்படும் உடன்பாட்டால் உருவாவது. தாய்வழிச் சொத்தை மகள்வழியில் நிறுத்துவது அதன் பழைய நோக்கம். 1707இல் ஒல்லாந்தர் ஏற்ற தொகுப்பு, 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் திருத்தம் ஆகியவற்றின் வழியே இவ்வுடன்பாடு அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய தொகுப்பில் கணவன், மனைவி இருவர் மீதும் தடைகள் இருந்தன. புதிய சட்டம் கணவன் மீதிருந்த தடையை நீக்கியது. மனைவி மீதிருந்த தடையை எழுத்தில் நிலைநிறுத்தியது. சீதனக் காணி பெண்ணுக்கு உரியது என்பதற்கும் அதைக் கையளிக்கும் அதிகாரம் அவளிடம் உள்ளது என்பதற்கும் இடையே தோன்றிய விரிவு இதன் விளைவு என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தேசவழமை, சீதனம், முதுசம், தேடியதேட்டம், சீதன உறுதி, கணவனின் சம்மதம், யாழ்ப்பாணம்

முன்னுரை

கணவனும் மனைவியும் தம் சொத்தைப் பற்றிச் செய்துகொள்ளும் சட்ட உடன்படிக்கை என்றால், மணம் புரியும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஒப்பமிடும் பத்திரமே இன்று நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழங்கிய உடன்பாடு அத்தகையதன்று. அதை எழுதிக்கொடுத்தவர்கள் பெண்ணின் பெற்றோர், பெற்றவள் மகள், எதிர்பார்த்து நின்றவர்கள் மாப்பிள்ளை வீட்டார். ஆயினும் அந்த ஓர் ஏடே புதிய குடும்பத்தில் எது யாருடையது என்பதை வரையறுத்தது. பிரிவு, இறப்பு, மறுமணம், கடன் ஆகிய எல்லா நெருக்கடியிலும் முதலில் எடுத்துப் பார்க்கப்பட்டதும் அதுவே. ஆகவே, மணமக்கள் தாமே எழுதாவிடினும், அதனை இல்லறச் சொத்துடன்பாடு என்று கொள்வது பிழையாகாது.

தேசவழமை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒன்று, இவ்வழக்குகளின் தோற்றம் மலையாளக் கரையின் தாய்வழி மரபுடன் தொடர்புடையதா என்பது. மற்றது, எவரெவர் இச்சட்டத்துக்கு உட்பட்டவர் என்பது. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட காணியை விற்க, ஈடு வைக்க, மகளுக்குக் கொடுக்க யாருடைய கை வேண்டும் என்னும் எளிய கேள்வி அவற்றின் நிழலில் மறைந்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் அச்செய்தி, நொத்தாரிசின் மேசையில் ஒரு குடும்பத்தின் போக்கையே தீர்மானிப்பதாகும்.

தொகுப்பு உருவான முறை

ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் 1706இல் இட்ட பணிப்பின்படி, யாழ்ப்பாணப்பட்டினத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழக்குகளைத் தொகுத்து 1707 சனவரியில் முடித்தார். அப்பகுதியில் நீண்டகாலம் பணிபுரிந்த அனுபவத்தின் துணையுடன் அவர் ஒல்லாந்த மொழியில் எழுதியதை யான் பைரஸ் தமிழாக்கினார். அத்தமிழாக்கம் பன்னிரு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் பார்வையிட்டு, சில குறிப்புகளுடன் ஒப்புதல் அளித்தபின் அவ்வாண்டே நீதிமன்றங்களின் பயன்பாட்டுக்கு அனுப்பப்பட்டது.

முதலியார்கள் எதைக் குறித்துக் கவலை தெரிவித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பெண்களின் சீதனம், பிள்ளைகளின் பங்கு ஆகியவற்றில் அவர்களுக்குப் பெரிய குறை இல்லை. அடிமைகள் மீது உடைமையாளருக்கு இருந்த அதிகாரம் குன்றலாகாது என்பதே அவர்களது அக்கறை. தொகுப்பில் பேசுவோர் யார் என்பதை இது காட்டுகிறது. நாட்டின் பழைய வழமை என்று எழுதப்பட்டது, காணியும் ஆளும் உடைய ஆண்கள் நினைவுகூர்ந்து உறுதிப்படுத்திய வழமை. பெண் ஒருத்தியின் சாட்சி அதில் கேட்கப்பட்டதற்குத் தடயம் இல்லை. இந்த வரம்பை ஏற்றுக்கொண்டே தொகுப்பைப் படிக்க வேண்டும். ஏனெனில் அத்தகைய ஆவணத்திலும் பெண்வழிச் சொத்துரிமை இத்துணை அழுத்தமாக இடம்பெற்றிருப்பது அதன் நடைமுறை வலிமைக்கே சான்று.

மூவகைச் சொத்து

தொகுப்பின் தொடக்கமே கணவன் மனைவி சொத்தைப் பற்றியது. கணவன் கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். மணவாழ்வின்போது இருவரும் ஈட்டுவது தேடியதேட்டம். யாழ்ப்பாணத் தமிழில் தேடுதல் என்பது பொருளீட்டுதலையும் குறிக்கும். சட்டச் சொற்களுள் இத்துணை வீட்டுத்தன்மை உடைய சொல் அரிது.

பண்டை நாளில் முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது என்றும், தேடியதேட்டம் இருபாலார்க்கும் சமமாகப் பகிரப்பட்டது என்றும் தொகுப்பு கூறுகிறது. தந்தையின் சொத்து ஒரு வாய்க்காலிலும் தாயின் சொத்து மற்றொரு வாய்க்காலிலும் ஓடின எனலாம். போர்த்துக்கேயர் காலத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது என முதியோர் சான்று கூறியதையும் ஐசாக்ஸ் பதிவு செய்துள்ளார். அதன்பின் மகளுக்குச் சீதனம் கொடுக்கும்போது தாயின் சொத்து, தந்தையின் சொத்து, தேடியதேட்டம் என்ற வேறுபாடு பாராது எதிலிருந்தும் கொடுக்கலாயினர். ஆகவே 1707இன் தொகுப்பு ஒரே காலத்து வழக்கைக் காட்டும் படம் அன்று. மறைந்துகொண்டிருந்த ஒழுங்கையும் அதன்மேல் படிந்த புதிய நடைமுறையையும் அது ஒருங்கே தருகிறது. பிற்கால நீதிபதிகள் பலர் இவ்விரு அடுக்குகளையும் ஒன்றாகக் கலந்து படித்ததால் விளைந்த குழப்பங்கள் பல.

பெண்வழி நோக்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு மறுமணம் பற்றிய விதி நல்ல சான்று. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பின், முதல் மனைவியின் பிள்ளைகளைத் தாய்வழிப் பேத்தியாரிடமோ நெருங்கிய உறவினரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகளோடு இறந்தவள் கொண்டுவந்த சொத்து முழுவதையும் தேடியதேட்டத்தில் பாதியையும் அவன் கொடுத்துவிட வேண்டும். சீதனம் கணவன் வீட்டில் தங்கியிருந்ததே தவிர அவ்வீட்டினதாகிவிடவில்லை. பிள்ளையில்லாமல் இறந்த பெண்ணின் சீதனம் அவளுடைய சகோதரிகளுக்கும் அவர்கள் வழிப் பெண்களுக்கும் திரும்பியது என்பதும் இக்கருத்தோடு இயைவதே.

சீதன ஓலை என்னும் உடன்பாடு

சீதனம் எழுதப்பட்ட ஏட்டைத் தொகுப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'டோட்டி ஓலை' என்கிறது. போர்த்துக்கேயரின் 'தோத்தே' என்ற சொல்லும் தமிழின் 'ஓலை'யும் சேர்ந்த கலப்பு அது. இவ்வோலை மூன்று காரியங்களைச் செய்தது.

முதலாவது, பெண்ணின் உரிமையை அது பெற்றோர் வாழும் காலத்திலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆண்மக்களின் நிலை இதற்கு நேர்மாறானது. மணமாகாத மகன் ஈட்டியது, அவன் அணியும் பொன் வெள்ளி நகைகள் நீங்கலாக, பெற்றோரின் பொதுச் சொத்தில் சேர்ந்தது. பெற்றோர் இறக்கும்வரை அவன் பங்கு கேட்க இயலாது. அவர்கள் விட்டுச்சென்ற கடனை, சொத்து மிஞ்சாவிடினும், தீர்க்கும் பொறுப்பும் அவனுடையதே. மகளின் பங்கு மிகுந்திருக்க ஆண்மக்கள் இடம்கொடுக்க வேண்டும் என்று தொகுப்பு சொல்வதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். சகோதரியின் ஓலை எழுதப்பட்ட பின் எஞ்சியதே சகோதரனின் முதுசம்.

இரண்டாவது, ஓலை ஒரு முடிவையும் குறித்தது. சீதனம் பெற்ற மகள் அதோடு மனநிறைவு கொள்ள வேண்டும். வேறு பிள்ளைகள் இருக்கும்வரை, பெற்றோர் இறந்தபின் எஞ்சிய சொத்தில் பங்கு கோர அவளுக்கு உரிமையில்லை. எனவே ஓலை கொடையாக மட்டும் அமையவில்லை. பெறுவதற்கு ஈடாக விடுதலைப் பத்திரமும் அதனுள் அடங்கியிருந்தது. நவீன சட்டமொழியில் உடன்படிக்கை என்று சொல்வதற்குரிய கைம்மாறு இங்கேதான் உள்ளது.

மூன்றாவது, ஓலை எழுதப்பட்டால் போதாது. பத்தாண்டுக்குள் மணமக்கள் சொத்தைக் கைப்பற்ற வேண்டும், இல்லையேல் உரிமை அழியும். பெற்றோர் காணியை எழுதிக்கொடுத்துவிட்டுத் தாமே தொடர்ந்து பயிர்செய்வதும், மருமகன் கேட்கக் கூசி வாளாவிருப்பதும் அன்றைய குடும்பங்களில் வழமையாக இருந்தமையால்தான் இப்படியொரு விதி தேவைப்பட்டிருக்கும்.

சீதன ஓலையைப் பற்றிப் பெருமிதத்தோடு மட்டும் பேசுவதற்கில்லை. காணி, நகை, பனை ஆகியவற்றோடு அடிமைகளும் சீதனமாக எழுதப்பட்டனர். ஓர் உடைமையாளரின் அடிமை ஆண் மற்றோர் உடைமையாளரின் அடிமைப் பெண்ணை மணந்தால், பிள்ளைகள் அப்பெண்ணின் உடைமையாளருக்கே உரியவர் என்பது தொகுப்பின் விதி. எனவே ஒரு வீட்டுப் பெண்ணின் சீதனம், இன்னொருத்தியின் கருப்பையால் பெருகக்கூடிய சீதனமாக இருந்தது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. பெண்ணின் சொத்துரிமை என்று பொதுவாகப் பேசும் ஆய்வுகள் எந்தப் பெண் என்று கேட்பதில்லை.

பத்தில் ஒன்று

மணமான பின் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைத் தொகுப்பின் கொடை பற்றிய பகுதி கூறுகிறது. இப்பகுதியே இக்கட்டுரையின் வாதத்துக்கு அடிப்படை.

கணவனும் மனைவியும் மனவேறுபாட்டால் பிரிந்து வாழும்போது, பிள்ளைகள் பொதுவாகத் தாயின் பக்கமே நிற்கின்றனர் என்று தொகுப்பு நேரடியாகச் சொல்கிறது. சட்டநூலில் இப்படியொரு மனித அவதானிப்பைக் காண்பது அரிது. அந்நிலையில் மனைவியின் சீதனத்தில் எதையும் கணவன் கொடையாகக் கொடுக்க இயலாது. இணக்கமாக வாழும்போது அதில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். தன் முதுசத்திலோ, மனைவி மக்களின் சம்மதமின்றிப் பத்தில் ஒரு பங்குக்குமேல் அவன் கொடுக்க இயலாது. மனைவியோ கணவனின் விருப்பத்துக்கு உட்பட்டவள் ஆகையால், அவன் சம்மதமின்றி எதையும் கொடுக்க இயலாது.

இது சமத்துவம் அன்று. மனைவிக்கு ஒன்றுமில்லை, கணவனுக்குப் பத்தில் ஒன்று. ஆயினும் இங்கே ஓர் அமைப்பு உள்ளது. தன் தந்தைவழிச் சொத்தில்கூட அவன் முழு அதிகாரியல்லன். பத்தில் ஒன்பது பங்குக்கு மனைவி மக்களின் சம்மதம் வேண்டியிருந்தது. இருவரும் வெவ்வேறு அளவில் கட்டுண்டவர்கள். அக்கட்டு குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்காக இடப்பட்டது. மனைவியைக் கணவனின் சம்மதத்துக்கு உட்படுத்திய வரியைப் பிற்காலத்தார் பலமுறை எடுத்தாண்டனர். அதற்கு முந்தைய வரி பெரிதும் நினைக்கப்படவில்லை.

ஓலை உறுதியாதல்

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்கு முழுச் சட்டவலு அளித்தனர். யாழ்ப்பாண மாகாணத்தின் 'மலபார்' குடிகளுக்கு அது உரியது என்று அவ்விதி கூறுகிறது. தமிழரை அன்றைய ஐரோப்பியர் அழைத்த பெயர் அது. இச்சொல்லின் பொருளை வரையறுக்க நீதிமன்றங்கள் பின்னாளில் செலவிட்ட காலம் மிகப் பெரிது.

சீதனத்தைப் பொறுத்தவரை அதைவிட ஆழமான மாற்றத்தை ஏற்படுத்தியது, தேசவழமையைப் பற்றி எழுதப்படாத வேறொரு சட்டம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், அசையாச் சொத்தைப் பற்றிய கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் செய்யப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. ஓலை உறுதியாயிற்று. காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நான்கு எல்லை, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் வரையறுத்த நடையில் எழுதப்பட்டன. மணப்பேச்சில் உறவினர் முன் வாய்மொழியாகச் சொன்ன காணி, உறுதியில் இல்லையேல் நீதிமன்றத்தில் இல்லாத காணியே.

இம்மாற்றம் பெண்ணுக்கு ஒருவகையில் நன்மை. அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. ஏடு செல்லரித்தாலும் உரிமை அழியாது. மறுபுறம், எழுத்தின் நுணுக்கம் அவளுக்கு எதிராகவும் திரும்பக்கூடியதாயிற்று. சில உறுதிகள் பெண்ணின் பெயரில் மட்டும் எழுதப்பட்டன. சில பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து எழுதப்பட்டன. வழக்கின்படி இரண்டும் சீதனமே. ஆனால் பொதுச் சட்டத்தில் பயின்ற கண்ணுக்கு இரண்டாவது உறுதியில் பாதி கணவனுடையதாகத் தோன்றும். வழக்கறிஞர் முத்துக்கிருஷ்ணா 1862இல் தேசவழமையைத் தீர்ப்புகளோடு சேர்த்துப் பதிப்பித்தபோது, யாழ்ப்பாண நீதிமன்றங்களில் இத்தகைய குடும்பச் சொத்து வழக்குகள் ஏற்கெனவே குவிந்திருந்தன.

1911: தனிச்சொத்தும் சம்மதமும்

யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் 1911இல் 1ஆம் இலக்கமாக இயற்றப்பட்டது. அதன்பின் மணம்புரிந்தோருக்கு, மனைவி மணத்தின்போது கொண்டுவந்ததும் பின்னர் அடைவதும் அவளது தனிச்சொத்து என்று அது அறிவித்தது. அச்சொத்தின் பயிர்ச்செலவு, பராமரிப்பு, வரி முதலியவற்றுக்காக ஏற்பட்ட கடன் நீங்கலாக, கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. கடன்பட்ட கணவனால் சீதனக் காணி ஏலத்துக்குப் போகும் அபாயத்திலிருந்து இது மனைவியைக் காத்தது. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அதே பிரிவு அசையும் பொருளையும் அசையாப் பொருளையும் வேறுபடுத்தியது. அசையும் பொருளை அவள் விரும்பியவாறு கையாளலாம். இறுதி விருப்பாவணத்தால் எதையும் யாருக்கும் எழுதிவைக்கலாம். காணியை உயிரோடிருக்கும்போது கையளிக்க மட்டும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவனின் தனிச்சொத்தைப் பற்றிய பிரிவில் இத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. முதுசம் முழுவதையும் அவன் எவர் சம்மதமும் இன்றி விற்கலாம், கொடுக்கலாம். தொகுப்பின் பத்தில் ஒன்று என்ற வரம்பு சத்தமின்றி மறைந்தது.

இங்கே நிகழ்ந்ததைச் சீர்திருத்தம் என்றோ மரபுப் பாதுகாப்பு என்றோ ஒரு சொல்லில் அடக்குவது கடினம். தனிச்சொத்து என்ற கருத்து, மனைவியின் சொத்தைக் கணவனுடையதிலிருந்து பிரித்துக் காட்டும் ஆங்கிலச் சட்டப் போக்கிலிருந்து வந்தது. அக்கருத்தைக் கணவனுக்கு முழுமையாகப் பயன்படுத்திய சட்டம், மனைவிக்கு வரும்போது பழைய வழமையைத் துணைக்கழைத்தது. மரபு ஒருவர்மேல் இருந்து எடுக்கப்பட்டு மற்றவர்மேல் விடப்பட்டது.

இலங்கையின் பிற சமூகங்களோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின்படி கணவன் மனைவியரிடையே நிலவிய பொதுச்சொத்து முறையை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒழித்தது. அச்சட்டமும் மனைவியின் காணிக்குக் கணவனின் சம்மதத்தைக் கேட்டது. 1911இன் சொற்கள் பெரும்பாலும் அதிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆகவே யாழ்ப்பாணப் பெண்மீது இடப்பட்ட நிபந்தனை, தேசவழமையின் குரலில் பேசினாலும் உடை வேறிடத்தது. 1923இல் மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் வந்தபோது, பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண் மணமாகாதவளைப் போலவே தன் சொத்தைக் கையாளும் உரிமை பெற்றாள். கண்டியர், முசுலிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட தமிழர் ஆகியோருக்கு அச்சட்டம் பொருந்தாது என்று விலக்கப்பட்டது. கொழும்புப் பெண்ணுக்கு நீங்கிய தளை, அதே சொற்களால் பிணைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பெண்ணுக்கு நீடித்தது. அதுவும் அவளது மரபின் பெயரால்.

எந்தப் பெண் இதற்கு உட்பட்டவள் என்பதையும் 1911இன் சட்டமே வகுத்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால், மணவாழ்வின்போது அவள் அச்சட்டத்திலிருந்து நீங்குவாள். உட்படாத பெண் உட்பட்ட ஆணை மணந்தால் அதனுள் வருவாள். பெண்வழிச் சொத்துக்குப் பெயர்பெற்ற சட்டம், எந்தச் சட்டம் தனக்குரியது என்ற கேள்விக்கான விடையைக் கணவனிடம் விட்டது.

தேடியதேட்டமும் உருமாறிய சீதனமும்

தேடியதேட்டத்தை 1911இன் சட்டம் வரையறுத்த முறையில் ஒரு வெடிப்பு இருந்தது. மணவாழ்வின்போது கணவனோ மனைவியோ பெறுமதி கொடுத்து ஈட்டிய சொத்தும், இருவரின் சொத்திலிருந்து அக்காலத்தில் கிடைத்த வருவாயும் தேடியதேட்டம் என்றது அது. யார் பெயரில் இருப்பினும் இருவருக்கும் சமபங்கு. பார்ப்பதற்கு நேர்மையான விதி. ஆனால் மனைவி தன் சீதனப் பணத்தைக் கொண்டு ஒரு காணி வாங்கினால் அது என்ன சொத்து? விலை கொடுக்கப்பட்டது, மணவாழ்வின்போது வாங்கப்பட்டது, எழுத்தின்படி அது தேடியதேட்டமே. அவிச்சிச் செட்டியார் எதிர் இராசம்மா என்ற 1933ஆம் ஆண்டு வழக்கில் நீதிமன்றம் எழுத்தின்படியே கொண்டது.

அதன் விளைவு பாரதூரமானது. சீதனம் காணியாக வந்து காணியாகவே இருக்கும்வரை அது பெண்ணுடையது. பணமாக வந்து காணியாக மாறினால் பாதி கணவனுடையது. காலமும் இதற்கு எதிராக நின்றது. அரச உத்தியோகமும் மலாயா உத்தியோகமும் மாப்பிள்ளையின் மதிப்பை நிர்ணயித்த காலத்தில், காசுச் சீதனம் பெருகிவந்தது. சீதனத்துக்கு வெளியே மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கப்படும் 'டொனேசன்' என்ற தொகை வேறு. அது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகப் போய்ச் சேர்ந்தது. பெண் உறுதியில் காணாத பணம் அது. சட்டமும் அதைக் காணவில்லை.

1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம் இக்குறையைப் போக்க முனைந்தது. கொடுக்கப்பட்ட பெறுமதி ஒருவரின் தனிச்சொத்திலிருந்தோ அதன் பிரதியாகவோ வந்திருந்தால், வாங்கப்பட்டது தேடியதேட்டம் ஆகாது. சீதனம் உரு மாறினாலும் சீதனமாகவே தொடர வழி பிறந்தது. ஆயினும் திருத்தம் மற்றொன்றையும் செய்தது. இருவருக்கும் பொதுவானது என்று கூறிய பழைய பிரிவு நீங்கியது; தேடியதேட்டம் 'அவ்வாழ்க்கைத் துணையுடையது' என்ற நடையில் எழுதப்பட்டது. மறுபாதி, ஈட்டியவர் இறந்தபின் எஞ்சியிருப்பதில் கிடைப்பதாயிற்று. அப்படியாயின் கணவனின் உழைப்பில் வாங்கிய வீட்டில், அவன் வாழும்போது மனைவிக்கு என்ன உண்டு என்ற கேள்வி எழுந்தது. இதில் நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. வீட்டு வேலையிலும் பயிரிலும் உழைத்த, ஆனால் தன் பெயரில் எதையும் வாங்காத மனைவிக்குப் பழைய தொகுப்பே பெரிய பாதுகாப்பாக இருந்தது என்று சொல்ல இடமுண்டு.

இருப்பிடம் தெரியாத கணவன்

1911இன் சட்டம், கணவனின் சம்மதம் பெற இயலாத நிலைகளையும் எண்ணிப் பார்த்தது. அவன் கைவிட்டுச் சென்றிருந்தால், இருவரும் இசைந்து பிரிந்திருந்தால், நீண்டகாலச் சிறையில் இருந்தால், சித்தம் கலங்கியிருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். நீதிமன்றத்தின் ஆணை கணவனின் கையொப்பத்துக்கு ஈடாகும். கடல்கடந்து சென்று மடல் போடாத கணவன் ஒருவனை இப்பிரிவை எழுதியோர் மனத்தில் கொண்டிருக்கலாம்.

1983 முதல் 2009 வரை நீடித்த போருக்குப் பின், இருப்பிடம் தெரியாமை என்ற அச்சொல் அவர்கள் நினைத்திராத பாரத்தைச் சுமந்தது. வடமாகாணத்தில் கணவர் காணாமற்போன பெண்கள் பலருக்கு எஞ்சிய ஒரே நிலையான உடைமை தாய்வீட்டார் எழுதிய சீதனக் காணி. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. அச்சான்றிதழைப் பெற்ற பெண் சட்டத்தின் பார்வையில் கைம்பெண். சம்மதம் கேட்க ஆளில்லை, ஆகவே தடையும் இல்லை. கணவன் இறந்தான் என்று ஒப்புக்கொள்ள மறுத்தவர்கள் அதை வாங்கவில்லை. அவர்களது நிலையைக் கருதி 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் 'காணப்படாமைச் சான்றிதழ்' என்ற ஒன்றை ஏற்படுத்தியது. காணாமற்போனவரின் அலுவல்களைக் குடும்பத்தார் கவனிக்க வகைசெய்வது அதன் நோக்கம். அதைப் பெற்றவள் மனைவியாகவே தொடர்கிறாள். அவளது சீதனக் காணியைப் பற்றிய கேள்வி 1911இன் பிரிவுக்கே திரும்புகிறது.

சம்மத விதியின் தன்மை இந்நிலையில் முழுதாக வெளிப்படுகிறது. தாயிடமிருந்து மகளுக்குச் சொத்துப் போய்ச் சேர்வதே சீதனத்தின் பழைய நோக்கம் என்பது முன்னர் கூறப்பட்டது. தான் சீதனமாகப் பெற்ற காணியைத் தன் மகளின் மணத்தின்போது ஒரு தாய் எழுதிக்கொடுப்பது, சட்டத்தின் சொற்களில், உயிரோடிருக்கும்போது அசையாச் சொத்தைக் கையளிப்பதாகும். இறந்தபின் சேரும்படி விருப்பாவணம் எழுத அவளுக்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. மகளின் மணநாளுக்கு முன் உறுதி எழுதுவதென்றால் கணவனின் கையொப்பம் வேண்டும். அவன் இருக்குமிடம் தெரியாதெனில், அதைச் சத்தியக்கடதாசியில் எழுதி மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, ஆணை பெற்று, அதன்பின் நொத்தாரிசிடம் போக வேண்டும்.